வாய் காயுது சார்

காலையில் கண் விழித்ததும் நான் முதலில் தேடுவது கண்ணாடியையோ செருப்பையோ அல்ல, என் நாக்கை. அது மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய உறையிலிருந்து தபால்தலையைப் பிரிக்கிற மாதிரி மெல்லப் பிரித்தெடுக்க வேண்டும். அவசரப்பட்டால் வலிக்கும். பிறகு கட்டிலோரம் வைத்திருக்கும் தண்ணீரை வாயில் ஊற்றி, உதடு, உள்கன்னம், தொண்டை என்று ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். அதுவரை யார் எதைக் கேட்டாலும் "ங்ங்" என்பதுதான் பதில். என் மனைவி எனக்குப் பிடிக்காத கேள்விகளையெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் கேட்பாள்.

மூன்று மாதமாக இந்தக் கூத்து. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். "நான் படுத்துக்கிட்டே எண்ணுவேன் டாக்டர். இருபது, இருபத்தஞ்சு வரைக்கும் சத்தமே இருக்காது. அப்புறம் லாரி கிளம்புற மாதிரி ஒரு உறுமல். அது வந்தாத்தான் எனக்கு உயிரே வரும்" என்றாள். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்துச் சோதித்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டுத் தடவை நிற்கிறதாம். இதயத்துக்கு ஆகாது என்று சொல்லி ஒரு மிஷினை வாங்கச் சொல்லி அனுப்பினார்கள்.

செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். குழாயின் முனையில் மூக்கை மூடும் கவசம், அது நழுவாமல் இருக்க மண்டையைச் சுற்றி வார்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, எனக்கு இது. மூக்கு வழியாக விடாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். எனக்கோ தூங்கினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூக்கில் ஏறுகிற காற்று முழுக்க வாய் வழியாக வெளியே போய், போகிற போக்கில் நாக்கையும் காயப்போட்டுவிட்டுப் போகும்.

வேறு ஒருவனுக்கு என்றால் போகட்டும், காலையில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போவான். என் வேலையே நாக்குதான். தேயிலையைப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக ருசி பார்க்கிறேன். நீளமான மேசை, ஜன்னலோரம் வெளிச்சம், வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் அளந்து போட்ட தேயிலை, கொதித்த தண்ணீர், ஆறு நிமிஷம். கரண்டியில் எடுத்து ஒரே உறிஞ்சு. மரியாதையாகக் குடிக்கிற விஷயம் இல்லை இது, சத்தம் அடுத்த அறைக்குக் கேட்க வேண்டும். அப்போதுதான் டீ தூவானமாக நாக்கில் விழுந்து, ஆவி மூக்குக்கு ஏறும். பிறகு காலடியில் சக்கரத்தில் உருண்டு வரும் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பை. ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை உறிஞ்சியிருக்கிறேன். எது நல்லது, எது சொத்தை, எது சாக்கு நனைந்து வந்தது என்று நான் சொன்னால் சொன்னதுதான்.

அந்த அறையில் எனக்கு ஒரு பெயர்கூட உண்டு: நாக்கு. "நாக்கு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். முன்பு ஒருத்தர், கோப்பை சரியில்லை, தண்ணீர் உப்பு என்று தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் அந்த மாதமே வேறு பிரிவுக்குப் போய்விட்டார். அதை நினைத்து நான் பல வருஷம் சிரித்திருக்கிறேன்.

மிஷின் வந்த அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டேன். "ஆபீஸ்ல இருந்து யாராவது போன் பண்ணா இதைப் பத்தி மூச்சு விடாதே."

"நான் எதுக்கு விடணும்? அதான் உங்களுக்காக விடறதுக்கு மிஷின் வந்துடுச்சே" என்றாள்.

அவளுக்கு அந்த மிஷின் மேல் ஒரே பாசம். பத்து வருஷத்துக்குப் பிறகு தூங்குகிறாளாம். தினமும் ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். என்னைக்கூட அவள் அப்படித் துடைத்ததில்லை.

உண்மையில் வாய் காயாமல் இருக்க மிஷினிலேயே வழி இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னத் தண்ணீர்ப் பெட்டி. அதில் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றினால் மிஷின் அதைச் சூடாக்கி, காற்றோடு ஈரத்தையும் கலந்து அனுப்பும். மிஷினைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டியவர் இதைத்தான் முதலில் சொன்னார். "தண்ணியை மட்டும் மறந்துடாதீங்க சார், வாய் வறண்டுடும்."

முதல் நாள் ஊற்றிப் படுத்தேன். ஐந்தாவது மூச்சில் எழுந்து கவசத்தைக் கழற்றி எறிந்தேன். பிளாஸ்டிக். வெயிலில் கிடந்த குடத்துத் தண்ணீர், புது வாளி, மழைக்கோட்டின் உட்புறம், மூன்றும் சேர்ந்த ஒரு வாடை. மூக்குக்குள் நேராக இறங்கியது.

மனைவி கவசத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "ஒரு ஸ்மெல்லும் இல்லையே."

"ஸ்மெல்லாம் ஸ்மெல். உனக்கு மூக்கு இருக்கறது கண்ணாடி மாட்டத்தான்" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துத் தோற்றவன் நான். அவளுக்கு எல்லாமே 'ஏதோ ஸ்மெல்'. தாளிக்கும்போது மூக்கில் ஏறுவது நெடி, மீன் கழுவிய கையில் நிற்பது வீச்சம், ஈரச் சாக்கில் வருவது வாடை, பூவில் வருவது மணம் என்று எத்தனை தடவை பிரித்துச் சொல்லியிருப்பேன். "சரிங்க வாத்தியாரே" என்பாள். மறுநாள் மறுபடியும் 'ஏதோ ஸ்மெல்'.

அன்றிலிருந்து தண்ணீர்ப் பெட்டியைக் காலியாகவே மாட்டி மிஷினை ஓட்டினேன். வாய் காய்ந்தது. காயட்டும் என்று மற்ற வைத்தியத்துக்குப் போனேன். வாய்க்குள் தடவ ஒரு பசை கொடுத்தார்கள். அதில் பொய்யான புதினா. காலை பதினொரு மணி வரை எல்லா டீயும் புதினா டீயாகவே இருந்தது. வாயில் பீய்ச்சும் ஒரு புட்டி வாங்கினேன், அதில் எலுமிச்சை. தாடையைத் தூக்கி வாயை மூடிவைக்க ஒரு பட்டை இருக்கிறது என்றார்கள். அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, கூடத்தில் கிடத்தியிருக்கும் பிணத்துக்கும் எனக்கும் ஒரு மாலைதான் பாக்கி. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளை ஆளாக்கினோம் என்று ஊரில் சொல்வார்கள். நான் நிஜமாகவே வாயைக் கட்டிக்கொண்டு படுத்தேன். விடிவதற்குள் பட்டை காதில் கிடந்தது, வாய் திறந்தே கிடந்தது.

அந்த நாட்களில்தான் நாற்பது மூட்டை தவறு நடந்தது.

ஒரு தோட்டத்திலிருந்து வந்த நாற்பது மூட்டையை 'நல்லது' என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். கலந்து, பொட்டலம் போட்டு, கடைக்கும் போய்விட்டது. ஒரே வாரத்தில் திரும்பி வர ஆரம்பித்தது. டீயில் ஈரத்துணி வாடை என்று புகார். எழுதியவர்கள் யாரும் ருசி படித்தவர்கள் இல்லை, வீட்டு அடுப்பில் டீ போட்டுக் குடிக்கிறவர்கள். மேனேஜர் அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு ஒரு சின்னச் சோதனை வச்சுக்கலாம். பன்னெண்டு கப். ரெண்டுல இந்த மூட்டையைக் கலந்து வைப்போம். நீங்க எதுன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது" என்றார்.

"சொல்லலைன்னா?"

"கிடங்குல எடை பார்க்க ஒரு ஆள் தேவைப்படுது" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

ஐம்பத்தேழு வயதில் மூட்டையை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். நாக்கு என்று கூப்பிட்டவர்கள் பிறகு என்னவென்று கூப்பிடுவார்கள்?

மேசைக்குத் திரும்பியபோது தராசு தனியாகக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னோடு ருசி பார்க்கும் இன்னொருத்தி. பதினைந்து வருஷமாகப் பக்கத்து நாற்காலி. எதையும் கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள், அதனால் தராசு. யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் போல் இருந்தது. மிஷின், காற்று, காய்ந்த வாய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். "நாக்கு பலகையாட்டம் இருந்தா மனுஷன் எதைத்தான் கண்டுபிடிப்பான், சொல்லுங்க" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாய் காயறது கஷ்டம்தாண்ணே. ஆனா ஈர வாடையை நாம பிடிக்கறது மூக்குல இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கே பாடமா?"

"பாடம் இல்லண்ணே. போன வருஷமே ரெண்டு தடவை நீங்க 'நல்லது'ன்னு எழுதினதை நான் மேனேஜருக்குத் தெரியாம மாத்தியிருக்கேன். அப்ப உங்ககிட்ட மிஷின் இல்லை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் என் குணம் அப்படி இல்லையே, உடனே கோபம் வந்தது. "நாற்காலி மேல கண்ணு இருந்தா நேரா கேளுங்க. இந்த மாதிரி ஜோடிச்சுப் பேசாதீங்க" என்றேன். அவள் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து மிஷினை அலமாரியில் தூக்கி வைத்தேன். திங்கட்கிழமை வரை அதைத் தொடப்போவதில்லை என்று அறிவித்தேன். இரண்டு ராத்திரி மிஷின் இல்லாமல் படுத்தேன். வாய் அப்போதும் காய்ந்தது. குறட்டைக்காரனுக்கு வாய் மூடியா இருக்கும்? கூடவே காலையில் மண்டை இடி. மனைவி இரண்டு ராத்திரியும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில், ஞாயிற்றுக்கிழமை, கண் சிவந்து முன்னால் வந்து நின்றாள்.

"உசுரு பெருசா, நாக்கு பெருசா?"

"இந்த வீட்டுக்குச் சோறு போடறது நாக்கு" என்றேன்.

"நேத்து நாப்பது வரைக்கும் எண்ணினேன். தெரியுமா? நாப்பது. உலுக்கினதுக்கப்புறம்தான் வந்துது. உங்க நாக்கை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சட்டம் போட்டு மாட்டறதா?"

அழுதுகொண்டே அவள் மிஷின்காரருக்குப் போன் செய்வது கேட்டது. பிளாஸ்டிக் வாடை அடித்தால் வினிகர் கலந்த தண்ணீரில் பெட்டியை ஊறவைத்து, நான்கைந்து தடவை அலச வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்று மத்தியானம் சாப்பிட்டதும் பெட்டியில் தண்ணீரை நிரப்பி மிஷினைக் கட்டிலோரம் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு தடவை. ஒரே ஒரு தடவை படுத்துப் பாருங்க. நாத்தம் அடிச்சா நானே தூக்கிக் குப்பையில போடறேன்."

அடிக்கத்தான் போகிறது என்ற நம்பிக்கையில், திட்டவேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு படுத்தேன். கவசத்தை மாட்டினாள். மிஷின் மெல்ல ஊத ஆரம்பித்தது. வெதுவெதுப்பான ஈரக்காற்று மூக்கில் இறங்கியது. காத்திருந்தேன். பிளாஸ்டிக் வரவில்லை. பத்து மூச்சு, இருபது மூச்சு. வரவே இல்லை. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

எழுந்தபோது வெயில் சுவரில் பாதி இறங்கியிருந்தது. இரண்டரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன். நாக்கைத் தேடவில்லை. அது அதன் இடத்தில், ஈரமாக, மெத்தென்று கிடந்தது. பல்லைத் தடவிப் பார்த்தேன், உதட்டை நனைத்துப் பார்த்தேன். எச்சில் ஊறிற்று. சின்னப் பிள்ளை மாதிரி அதை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். நாளைக்குப் பன்னிரண்டு கப் என்ன, இருபத்துநாலு வைக்கட்டும் என்று தோன்றியது. மிஷினைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. தராசிடம் போய் ஈர நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மனைவி டீ கொண்டுவந்தாள். அவளைப் பார்த்து நான் சிரித்து எத்தனை நாளோ.

"வாய் எப்படி?"

"முதல் தரம். அப்படி என்ன போட்டுக் கழுவினே? ஒரு துளி வாடை இல்லை."

அவள் டம்ளரை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இல்லையா? நான் பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க படுக்கறதுக்குள்ள கொண்டு வரணும்னு அவசரத்துல ஒரே ஒரு தடவைதான் அலசினேன். இந்த ரூமுக்குள்ள வந்தாலே வினிகர் நெடி எனக்கே மூக்குல ஏறுது."

நெடி என்றாள். ஸ்மெல் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் அந்தச் சொல்தான் வர வேண்டும், இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சரியாகச் சொன்னாள்.

நான் குனிந்து பெட்டியைக் கழற்றி மூக்கருகில் வைத்தேன். உள்ளே மூக்குத் தண்டில் ஏதோ ஒரு குறுகுறுப்பு, மிளகாய்த் தூள் டப்பாவைத் திறந்த மாதிரி. அவ்வளவுதான். வாடை இல்லை. டீயை எடுத்து முகர்ந்தேன். சூடு தெரிந்தது. ஒரு வாய் உறிஞ்சினேன். துவர்ப்பு இருந்தது, இனிப்பு இருந்தது. மற்றதெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தால் தெரியவில்லை. பிளாஸ்டிக் வாடை என்று கவசத்தை எறிந்த அன்று இருந்தது. அதற்கு முன்பே வந்து வந்து போய்க்கொண்டிருந்ததோ என்னவோ. போன வருஷமே இரண்டு தடவை என்று தராசு சொன்னாளே.

"அடிக்கலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"அடிச்சுது. சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

"நீங்களா? சொல்லாம விட்டீங்களா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள், சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேசையில் பன்னிரண்டு கோப்பை. இரண்டரை மணி நேரத் தூக்கத்தோடு நிறுத்தவில்லை, முந்தைய ராத்திரியும் தண்ணீர் ஊற்றித்தான் படுத்தேன். அந்த நாளில் அந்தக் கட்டடத்திலேயே மிக ஈரமான நாக்கு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். கரண்டியைக் கையில் எடுத்தேன். தராசு எதிரே நின்றாள்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு நிமிஷம். உங்களுக்குத் தூக்கத்துக்கு ஏதோ மிஷின் வச்சிருக்காங்களாமே. ராத்திரி முழுக்க வாய் காயுதாமே. அதோட சோதனை வைக்கறது நியாயம் இல்லை, ஒரு மாசம் டைம் குடுங்கன்னு தராசுதான் கேட்டாங்க. அதுவரைக்கும் நீங்க பார்க்கற கப்பை அவங்களும் ஒரு தடவை பார்த்துடுவாங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாய் இன்னும் காயுதா?"

பன்னிரண்டு கோப்பையிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. இரண்டில் ஈரச் சாக்கு இருக்கிறது. எந்த இரண்டு என்று இந்த அறையைத் துடைக்க வருகிற அம்மாவுக்குக்கூடத் தெரிந்துவிடும். தராசு என்னைப் பார்க்கவில்லை, கரண்டியை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி ஆசை என்று நான் பேசிய பேச்சு அவளுக்கு மறந்திருக்காது.

"காயுது சார்" என்றேன். சொல்லும்போது வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது, அதை விழுங்கிவிட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கோப்பைகளைத் தொட்டியில் கவிழ்த்தார்கள்.

அன்று படுக்கும் முன் தண்ணீர்ப் பெட்டியைக் கழற்றி, மனைவி நிரப்பி வைத்திருந்த தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டினேன். அடுத்த மாதம் யாராவது கேட்டால் நான் சொல்வது பொய்யாக இருக்கக் கூடாது. இந்த மிஷின்தான் இனி என் மேடை, என் காசில் வாங்கிய மேடை, கோணலாகவே இருக்கட்டும். அவள் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க கொட்டறீங்க?"

"பிளாஸ்டிக் வாடை. தாங்கல."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடிக்கும்ங்க. உங்க மூக்கு அப்படி" என்றாள், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். காலிப் பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் துடைத்து மிஷினில் மாட்டினாள். கவசத்தை அவளே என் மூக்கில் பொருத்தி வார்களை இழுத்துவிட்டாள். பிறகு கட்டிலோரம் எப்போதும் வைக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

காலையில் எழுந்தபோது நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.